மஹல்லாப் பள்ளிவாசல்

தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் சேர்ந்து வாழும் ஊர்களில் ஒவ்வொரு தெருக்கூட்டத்துக்கும் ஒரு பள்ளிவாசல் உண்டு. அந்தப் பள்ளியைச் சேர்ந்த வீடுகள் எல்லாம் ஒரு மஹல்லா. அந்த வீட்டுக்காரர்கள் கூடி அமைத்துக்கொண்ட சபை ஜமாஅத். ஜமாஅத்தின் அளவை ஆள்கணக்கில் சொல்வதில்லை. இருநூறு தலைக்கட்டு, நானூறு தலைக்கட்டு என்று குடும்பக் கணக்கில்தான் சொல்வார்கள். மணமாகித் தனிக்குடும்பம் நடத்தும் ஆண் ஒரு தலைக்கட்டு. அவர் பள்ளிக்கு வரி கட்டுகிறார். அவர் வீட்டுத் திருமணம் பள்ளியின் ஏட்டில் பதிவாகிறது, அவர் வீட்டு மையித்து (இறந்தவரின் உடல்) பள்ளியின் மையவாடியில் அடக்கமாகிறது. தொழுகைக்காக எழுந்த கட்டடம் இப்படி ஒரு சிறிய ஊராட்சியின் இருப்பிடமாகவும் ஆனது. பல நூற்றாண்டுகளாக அரசுகள் மாறியபோதும் அந்த ஊராட்சி தன் போக்கில் நடந்துவந்திருக்கிறது.

இதன் தொடக்கம் கடற்கரையில். அரபு நாடுகளிலிருந்து வணிகத்துக்கு வந்தவர்களையும், இங்கேயே மணமுடித்துத் தங்கிய அவர்களின் வழித்தோன்றல்களையும் தமிழ்க் கல்வெட்டுகள் சோனகர் என்று குறிக்கின்றன. பாண்டியர்களின் படைக்குக் குதிரைகளைக் கடல்வழியே கொண்டுவந்து இறக்கியவர்களில் பெரும்பாலோர் இவர்களே. இராமநாதபுரம் அருகே திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் உள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு, பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த சோனகச் சாமந்தப் பள்ளிக்கு நிலம் விடப்பட்ட செய்தியைச் சொல்கிறது. பள்ளிவாசலுக்கு அரசன் கொடுத்த கொடை பெருமாள் கோயிலின் சுவரில் வெட்டப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. கோயில் சுவர் அந்நாளில் வட்டாரத்துக்கே பொதுவான ஆவணக்காப்பகமாக இருந்தது. பள்ளிக்கு விட்ட நிலமும் மற்ற அறக்கொடைகளைப் போலவே அங்கே பதிவாயிற்று. இதைவிடப் பழமை கோருவது திருச்சி கோட்டை ரயில் நிலையத்தருகே உள்ள சிறிய கல்பள்ளி. அதிலுள்ள அரபுக் கல்வெட்டு ஹிஜ்ரி 116, அதாவது கி.பி. 734 என்று படிக்கப்படுகிறது.

உள்நாட்டில் மதுரை காஜிமார் தெருப் பள்ளி பழைய பள்ளிகளில் முக்கியமானது. பாண்டியர் காலத்தில் வந்த ஒரு காஜியின் (இஸ்லாமிய நீதிபதியின்) வழித்தோன்றல்கள் அந்தத் தெருவில் இன்றும் வாழ்கிறார்கள். பள்ளிக்குரிய நிலத்தைப் பற்றி 16ஆம் நூற்றாண்டில் வழக்கு எழுந்தபோது மதுரையை ஆண்ட வீரப்ப நாயக்கர் அதைப் பள்ளிக்கே உறுதி செய்தார் என்பது அங்குள்ள மரபு. இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளும் பள்ளிகளுக்கும் தர்காக்களுக்கும் மானியம் விட்டிருக்கிறார்கள். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசல் ஆர்க்காட்டு நவாபின் குடும்பம் கட்டியது. மரமோ இரும்போ சேர்க்காமல் கருங்கல்லில் எழுப்பிய அந்தப் பெரிய பள்ளியில், கட்டிய ஆண்டை எழுத்துகளின் எண் மதிப்பால் உணர்த்தும் பாரசீகச் செய்யுள் ஒன்று இருக்கிறது. அதை இயற்றியவர் நவாபின் செயலராக இருந்த ராஜா மக்கன்லால் என்னும் இந்து அறிஞர்.

அரச கொடை பெற்ற பள்ளிகள் சிலவே. எஞ்சிய ஆயிரக்கணக்கான பள்ளிகளை அந்தந்தத் தெருக்காரர்கள் தங்கள் கைப்பணத்தில் கட்டிக்கொண்டார்கள். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் அந்தப் பணம் மரக்காயர்களின் கப்பல் வணிகத்திலிருந்து வந்தது. உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி என்னும் செய்கு அப்துல் காதிரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கீழக்கரை ஜும்ஆப் பள்ளி, இந்தக் கல்பள்ளிகளுக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் தூண்களையும் பொதிகைகளையும் பார்ப்பவருக்குக் கோயில் மண்டபம் நினைவுக்கு வரும். அதே மரபில் பயின்ற கல்தச்சர்களின் வேலை அது. மனித உருவமும் விலங்குருவமும் தவிர்த்து, தாமரையும் கொடியும் வாழைப்பூ முனையும் மட்டும் செதுக்கியிருக்கிறார்கள். தட்டையான கல்கூரை, முன்னால் தூண்கள் தாங்கும் முகப்பு, தொழுவோர் முகம் நோக்கும் மேற்குச் சுவரில் மிஹ்ராபு மாடம், ஓரமாக ஹவுழ் என்னும் தண்ணீர்த் தொட்டி. மினாரா கிடையாது. தமிழகத்துக்கே உரிய கட்டடக்கலை இது. 1970களுக்குப் பிறகு வளைகுடா நாடுகளிலிருந்து வந்த பணத்தில் பல ஊர்களில் இந்தப் பழைய பள்ளிகளை இடித்துவிட்டுக் குவிமாடமும் உயர்ந்த மினாராக்களும் கொண்ட கான்கிரீட் பள்ளிகளை எழுப்பினார்கள். கூட்டம் பெருகியது உண்மை. இடம் போதவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் இடிபட்ட ஒவ்வொரு கல்பள்ளியோடும் அந்த ஊரின் கல்தச்சர் மரபு சேர்ந்து போனது பெரிய இழப்பு.

பழைய பள்ளியில் முதலில் எதிர்ப்படுவது ஹவுழ். நீள்சதுரமான தொட்டி, சுற்றிலும் தேய்ந்து வழவழப்பான கல்திட்டு. தொழ வருபவர் அந்தத் திட்டில் குந்தி, கைகளை மணிக்கட்டு வரை கழுவி, வாய் கொப்பளித்து, மூக்குக்குத் தண்ணீர் செலுத்தி, முகமும் முழங்கை வரை கையும் கழுவி, ஈரக் கையால் தலையைத் தடவி, கடைசியில் கால்களைக் கழுவுகிறார். சில பள்ளிகளில் தொட்டிக்குள் மீன் விட்டிருப்பார்கள். குழாய்கள் வந்த பிறகு பல ஹவுழ்கள் மூடப்பட்டுவிட்டன. தெருவின் செய்திகள் பரிமாறப்பட்டதும் இந்தத் திட்டிலும் பள்ளித் திண்ணையிலும்தான். மழை, விலைவாசி, கப்பல் வந்தது, பெண் பார்த்தது எல்லாம் மஃரிபு, இஷா தொழுகைகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் அங்கே பேசப்பட்டன.

பள்ளியின் நிர்வாகத்துக்கு முத்தவல்லி பொறுப்பு. சில ஊர்களில் அவர் நாட்டாண்மை, சில ஊர்களில் ஜமாஅத் தலைவர். தொழவைப்பவர் இமாம், மக்கள் அவரை ஹஸ்ரத் என்றோ ஆலிம்சா என்றோ மரியாதையாக அழைப்பார்கள். பாங்கு சொல்பவர் மோதினார். பள்ளியைப் பெருக்குவது, விளக்கேற்றுவது, ஹவுழுக்குத் தண்ணீர் நிரப்புவது, மவ்த்து என்னும் இறப்புச் செய்தியை வீடு வீடாகச் சொல்வது என்று பள்ளியின் அன்றாட வேலைகளில் பெரும்பகுதி அவர் தலையில்தான். ஒலிபெருக்கி வருவதற்கு முன்பு தொழுகை நேரத்தை அறிவிக்கப் பல பள்ளிகளில் நகரா முழங்கியது. தோல் போர்த்திய அந்தப் பெரிய முரசைத் தட்டிவிட்டு மோதினார் பாங்கு சொல்வார். நோன்பு மாதத்தில் ஸஹர் உணவுக்கு ஊரை எழுப்ப, பக்கீர்கள் தப்ஸ் தட்டிப் பாடிக்கொண்டு தெருக்களில் வருவார்கள்.

இமாமின் சம்பளம் எப்போதும் சொற்பமே. அதை ஈடுகட்டியது முறைச்சாப்பாடு. இன்று இந்த வீடு, நாளை அடுத்த வீடு என்று மஹல்லாவின் வீடுகள் மாறி மாறி அவருக்குச் சாப்பாடு அனுப்பின. பள்ளியின் மற்ற செலவுகளுக்குப் பல வழிகள் இருந்தன. தலைக்கட்டு வரி, வெள்ளிக்கிழமை உண்டியல், வணிகர்கள் வியாபாரத்தில் ஒதுக்கும் மகமை, சோறாக்கும்போது பெண்கள் எடுத்து வைக்கும் பிடியரிசி ஆகியவை அன்றாடத்துக்கு உதவின. நிலையான வருமானம் வக்ஃபிலிருந்து வந்தது. ஒருவர் தம் தோப்பையோ கடையையோ வயலையோ பள்ளிக்கென்று வக்ஃபு செய்துவிட்டால் அதை விற்கவோ வாரிசுகள் பங்கிடவோ முடியாது. விளைச்சலும் வாடகையும் மட்டும் எழுதி வைத்த காரியத்துக்குப் போகும். பள்ளி விளக்குக்கு எண்ணெய் வாங்க இரண்டு தென்னை மரம், மதரஸாப் பிள்ளைகளுக்கு ஒரு கடை வாடகை என்ற அளவில் சிறிய வக்ஃபுகளே மிகுதி. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு போன்ற வடாற்காட்டு ஊர்களில் தோல் வணிகர்கள் பள்ளிகளோடு பள்ளிக்கூடங்களையும் கல்லூரிகளையும் தாங்கினார்கள். 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி அப்படி எழுந்தது.

இந்த வக்ஃபுச் சொத்துகளின் மேல் அரசின் கண் மெல்லத்தான் விழுந்தது. குடும்ப நலனுக்கும் அறத்துக்கும் சேர்த்து எழுதப்படும் வக்ஃபுகளைப் பிரிவி கவுன்சில் 1894இல் செல்லாதென்று தீர்த்தது. எதிர்ப்பு எழுந்து, 1913ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை மீண்டும் செல்லத்தக்கதாக்கியது. 1923ஆம் ஆண்டுச் சட்டம் முத்தவல்லிகள் கணக்குக் காட்ட வேண்டும் என்றது. 1954ஆம் ஆண்டு வக்ஃபு சட்டத்தின்கீழ் மாநில வக்ஃபு வாரியங்கள் வந்தன, 1995ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. அதுவரை ஊருக்குள் மட்டும் பதில் சொன்ன முத்தவல்லி, இப்போது வாரியத்தின் ஆய்வாளருக்கும் பதில் சொல்ல வேண்டியவரானார். பள்ளி நிலத்தை ஆண்டுக்கணக்கில் சொற்ப வாடகைக்கு வைத்திருந்தவர்களோடு வழக்குகளும் தொடங்கின. பல ஊர்களில் அவை இன்னும் முடியவில்லை.

பள்ளியும் தெருவும் மிக நெருங்கி வருவது நோன்பு மாதத்தில். அந்த முப்பது நாளும் பள்ளியின் பின்புறம் ஒரு சமையற்கட்டு. காலையிலேயே பச்சரிசியைக் கல் பொறுக்கிக் கழுவி ஊற வைப்பார்கள். பல ஊர்களில் அரிசியை நொய்யாக உடைத்தே போடுவார்கள். லுஹர் தொழுகை முடிந்ததும் ஈயம் பூசிய பெரிய தேக்சா அடுப்பேறும். எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலம் பொரிந்து, வெங்காயமும் தக்காளியும் வதங்கி, இஞ்சி பூண்டு விழுதின் பச்சை வாசம் போனபின் மல்லியும் புதினாவும் கொத்துக்கறியும் சேரும். பிறகு தண்ணீர், அரிசி, பாசிப்பருப்பு, ஒரு கை வெந்தயம். கடலோர ஊர்களில் ரம்பை இலையும் போடுவதுண்டு. அடிபிடிக்காமல் ஓராள் நீளத் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இறக்குவதற்குச் சற்று முன் தேங்காய்ப்பால். அசர் தொழுகைக்குள் கஞ்சி தயார்.

அதற்குள் வாசலில் தூக்குவாளிகள் வரிசை கட்டிவிடும். அவற்றோடு வந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். கஞ்சி ஊற்றுபவர் எந்த வீட்டில் எத்தனை பேர் என்று அறிந்தவர். கேட்காமலே அளவாக ஊற்றுவார். பக்கத்துத் தெரு இந்து, கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்பார்கள். அவர்களிடம் யாரும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. மஃரிபு நேரத்தில் பள்ளிக்குள் நீளமாக விரித்த பாயில், கடை முதலாளியும் அவர் கடையில் மூட்டை தூக்குபவரும் பக்கம் பக்கமாக உட்கார்ந்து, பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து, அதே கஞ்சியைக் குடிக்கிறார்கள். நாள் முழுதும் பட்டினி கிடந்த வயிற்றுக்கு இளக்கமான, எளிதில் செரிக்கிற உணவு அது. கொஞ்சம் அரிசியில் ஒரு தெருவே குடிக்கலாம் என்பதும் இந்த வழக்கம் வேரூன்றிய காரணங்களில் ஒன்று. ஒவ்வொரு நாள் கஞ்சிச் செலவையும் ஒரு குடும்பம் ஏற்கும். அந்த நாள் யாருடையது என்று பள்ளிப் பலகையில் எழுதியிருப்பார்கள். இறந்துபோன தாய் தகப்பன் நினைவாகத் தலைமுறை தலைமுறையாக ஒரே நாளை விடாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. 2001 முதல் தமிழக அரசு இந்தக் கஞ்சிக்கென்று பள்ளிகளுக்குப் பச்சரிசி வழங்கிவருகிறது. வாலாஜா பள்ளியில் நோன்பு திறக்க வருபவர்களுக்குப் பல பத்தாண்டுகளாக உணவு கொண்டுவந்து பரிமாறுபவர்கள், மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள். பிரிவினையின்போது அகதியாக வந்த ஒருவர் நிறுவிய அமைப்பு அது.

பிள்ளைகளுக்கு முதல் பள்ளிக்கூடமும் பள்ளிவாசலே. விடியற்காலையிலும் மாலையிலும் மதரஸாவில் அலிஃபு, பே, தே என்று தொடங்கிக் குர்ஆன் ஓதக் கற்றார்கள். அரபெழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழும் இங்கேதான் புழங்கியது. தமிழெழுத்துப் படிக்காத பெண்கள் பலர், ஓதக் கற்ற அரபெழுத்தின் உதவியால் தமிழில் மார்க்க நூல்களைப் படித்தார்கள், கடிதமும் எழுதினார்கள். ஓதிக்கொடுக்கும் ஆலிம்களில் பெரும்பாலோர் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற அரபுக் கல்லூரிகளில் பட்டம் பெற்றவர்கள். பெயருக்குப் பின்னால் வரும் பாகவி என்ற பட்டம் அதைச் சொல்லும்.

திருமணத்தில் ஜமாஅத்தின் இடம் சட்டபூர்வமானது போலவே கருதப்பட்டது. நிக்காஹ் தப்தரில் (திருமணப் பதிவேட்டில்) மணமக்களின் பெயர், மணமகளின் பொறுப்பாளரான வலி, சாட்சிகள், மஹர்த் தொகை எல்லாம் எழுதிக் கையொப்பம் வாங்குவார்கள். மாப்பிள்ளை வேறு மஹல்லாவாக இருந்தால் அவருடைய ஜமாஅத்திலிருந்து கடிதம் வர வேண்டும். அவர் இன்னாருடைய மகன், ஏற்கெனவே மணமானவரா இல்லையா, பள்ளிக்கு வரிப் பாக்கி உண்டா என்று அது சொல்லும். பெண் வீட்டாருக்குப் பெரிய பாதுகாப்பு இது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாத் திருமணங்களையும் அரசிடம் பதிவதைக் கட்டாயமாக்கிய பிறகும் தப்தர் நிற்கவில்லை. இறப்பிலோ ஜமாஅத் இல்லாமல் ஒன்றும் நடக்காது. மையித்தைச் சுமக்கும் பெட்டியான பள்ளியின் சந்தூக் வீட்டுக்கு வரும். குளிப்பாட்டி, கஃபன் துணி உடுத்தி, தெருவின் ஆண்கள் மாறி மாறித் தோள் கொடுத்து, பள்ளியில் ஜனாஸா தொழுது, மையவாடியில் அடக்கி, மீசான் கல் நட்டு வருவார்கள். ஏழை, பணக்காரர் இருவருக்கும் ஒரே சந்தூக்.

இவ்வளவு பொறுப்பையும் கையில் வைத்திருந்த அமைப்பிடம் அதே அளவு அதிகாரமும் சேர்ந்தது. தகராறுகளை, பாகப்பிரிவினைகளை, கணவன் மனைவி பிணக்குகளை ஜமாஅத் விசாரித்துத் தீர்த்தது. காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகாமல் செலவின்றி முடிந்த வழக்குகள் ஏராளம். கட்டுப்படாதவர்களை ஊர் விலக்கு செய்ததும் இதே ஜமாஅத்தான். தப்தரைக் கொடுக்க மறுத்தால் திருமணம் நின்றது. மையவாடியை மறுத்தால் மையித்து வீட்டில் கிடந்தது. இதைவிடக் கொடிய தண்டனை ஒரு தெருவில் இருக்க முடியாது. பணக்காரர் ஒருவரின் கைக்குள் பள்ளி போய்விட்டால் ஊர் என்ன பாடுபடும் என்பதைத் தோப்பில் முஹம்மது மீரான் 1988இல் வெளியான ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ நாவலில் ஆழமாக எழுதியிருக்கிறார். தலாக் விவகாரங்களில் காஜிகள் தரும் சான்றிதழ் கருத்து மட்டுமே, அதற்குச் சட்ட மதிப்பு இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017 ஜனவரியில் கூறியது.

பெண்களின் குறை ஜமாஅத்தின் இந்த அதிகாரத்திலிருந்து பிரிக்க முடியாதது. தங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் விசாரணை நடக்கும் பள்ளிக்குள் அவர்கள் நுழையும் வழக்கம் பெரும்பாலான ஊர்களில் இல்லை. காயல்பட்டினத்தில் பெண்களே நடத்தும் பெண்கள் தைக்காக்கள் உண்டு. அங்கே ஓதலும் தொழுகையும் அவர்கள் பொறுப்பில் நடக்கின்றன. அது நல்ல விதிவிலக்கு. விசாரணையில் பெண்ணின் குரலையே கேட்பதில்லை என்ற கோபத்தில், 2000களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் முன்னின்று பெண்கள் ஜமாஅத் ஒன்றை அமைத்தார். பெண்களுக்கென்றே பள்ளிவாசல் கட்டும் முயற்சியையும் அறிவித்தார். கடும் எதிர்ப்பு வந்தது. அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. பல ஊர் ஜமாஅத்துகள் அதற்கு இன்னும் பதில் தரவில்லை.

பள்ளிக்குள் மொழியும் மாறியது. வெள்ளிக்கிழமை குத்பா உரை நெடுங்காலம் அரபியில், ஏட்டைப் பார்த்து வாசிப்பதாகவே இருந்தது. கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு அது புரியாது. புரியும் மொழியில் மார்க்கம் சொல்லப்பட வேண்டும் என்று ‘தாருல் இஸ்லாம்’ இதழ் நடத்திய பா. தாவூத்ஷா 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விடாமல் வாதாடினார். குத்பாவுக்கு முன் தமிழில் பயான் என்னும் உரை நிகழ்த்தும் வழக்கம் பின்னர் பரவி நிலைத்தது. 1980களில் எழுந்த தவ்ஹீது (ஓரிறைக்கொள்கை) இயக்கம் மௌலூது, கந்தூரி, கத்தம் பாத்திஹா போன்ற சடங்குகளை எதிர்த்தது. ஒரே தெருவில் இரண்டு பள்ளி, இரண்டு ஜமாஅத், சில இடங்களில் இரண்டு பெருநாள் என்று மஹல்லாக்கள் பிளந்தன. வரதட்சணை வாங்கும் திருமணங்களுக்கு எதிராக அந்த இயக்கத்தினர் உரக்கப் பேசியதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடல் தாண்டிப் போனவர்கள் மஹல்லாவையும் கூடவே கொண்டுபோனார்கள். பினாங்கில் 1801இல் காதர் முகைதீன் என்னும் தமிழ் முஸ்லிம் தலைவரின் முயற்சியில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஜாமிஆ சூலியா பள்ளி 1826இல் நிறுவப்பட்டது. அங்கே தமிழில் மார்க்க உரை இன்றும் ஒலிக்கிறது. கப்பலிலிருந்து இறங்கிய புதியவருக்கு முதலில் வழிகாட்டியவை இத்தகைய பள்ளிகளே. ஊர்க்காரர் யார், வேலை எங்கே, தங்க இடம் எது என்ற மூன்று கேள்விக்கும் தொழுகை முடிந்து வெளியே வரும் கூட்டத்தில் விடை கிடைத்தது. நோன்புக் கஞ்சியும் அவர்களோடு போய், அந்த ஊர்களில் ரமலான் உணவாக நிலைத்தது.

இடர்க்காலங்களில் தலைக்கட்டு ஏடும் தேக்சாவும் வேறொரு வேலைக்குப் பயன்பட்டன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் மீனவக் கிராமங்களுக்கு ஓடினார்கள். பிணங்களை மீட்டார்கள், பிழைத்தவர்களைப் பள்ளிகளிலும் திருமண மண்டபங்களிலும் தங்கவைத்துச் சமைத்துப் போட்டார்கள். அரசு உதவி வந்து சேர்வதற்கு முன்பே அது நடந்தது. நூற்றுக்கணக்கானவருக்கு ஒரே நேரத்தில் சமைக்கும் பாத்திரமும் பழக்கமும் ஆள்பலமும் அங்கே முன்பே இருந்தன. 2015 சென்னை வெள்ளத்திலும் பள்ளிகள் எல்லா மதத்தினருக்கும் திறந்தன. 2020இல் கொரோனா ஊரடங்கில் பள்ளிகள் மூடியிருந்த ரமலானில் கஞ்சி காய்ச்ச வழியில்லை. அரசு 2,895 பள்ளிகளுக்கு ஒதுக்கிய 5,450 டன் அரிசி வீடுகளுக்கே நேராகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. எந்த வீட்டுக்கு எவ்வளவு என்பதற்குப் பள்ளியின் குடும்பக் கணக்கே கைகொடுத்தது.

இன்று பெருநகரப் புறநகர்களில் எழும் பள்ளிகளின் நிலை வேறு. இராமநாதபுரத்துக்காரரும் நெல்லைக்காரரும் ஆம்பூர்க்காரரும் அங்கே ஒரே வரிசையில் தொழுகிறார்கள், ஆனால் வரியைச் சொந்த ஊர் ஜமாஅத்துக்குத்தான் கட்டுகிறார்கள். பிள்ளைகளின் நிக்காஹ் கடிதத்துக்கும் ஊருக்குத்தான் போகிறார்கள். மனை விலை ஏறிய இடங்களில் தொழ இடம் வாங்கவே பணம் போதாது. மையவாடிக்கு நிலம் கிடைப்பது அதைவிடக் கடினம். அதனால் புதிய பள்ளிகள் பல, அடக்கத்துக்கு அருகிலுள்ள பழைய மஹல்லாவிடம் அனுமதி கேட்கின்றன. பழைய ஜமாஅத்துகள் பெரும்பாலும் இடம் தருகின்றன. சில இடங்களில் தங்கள் நிலமும் நிறைந்துவருவதால் தயங்குகின்றன. புதிய குடியிருப்புகளில் ஜமாஅத் அமைக்கும்போது தொழுகைக் கூடத்துக்கு முன்பே மையவாடி நிலத்துக்குப் பணம் திரட்ட வேண்டும் என்ற பேச்சு கூட்டங்களில் இப்போது எழுகிறது.